ஒரு நாட்டின் பெயர் எண்ணாக மாறினால்? 'கோட் கியாஸ்' அனிமே தொடர் எழுப்பும் கேள்விகள் என்ன?

புதுடெல்லி: ஒரு நாடு போரில் தோற்கிறது. வென்ற பேரரசு அதன் நிலத்தையும் கனிம வளத்தையும் எடுத்துக்கொண்டதோடு நிற்கவில்லை. நாட்டின் பெயரையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் எண்ணை வைக்கிறது. அன்று முதல் உலக வரைபடத்தில் ஜப்பான் இல்லை. 'ஏரியா 11' மட்டுமே இருக்கிறது. அங்கு வாழ்பவர்களும் இனி ஜப்பானியர் அல்லர்; 'இலெவன்கள்'.

2006-ஆம் ஆண்டு அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'கோட் கியாஸ்: லெலூஷ் ஆஃப் த ரெபெல்லியன்' என்ற அனிமே தொடரின் தொடக்கப் புள்ளி இதுதான். பேரரசை எதிர்க்கும் ஒரு கிளர்ச்சி, மனிதர்கள் உள்ளே அமர்ந்து இயக்கும் போர் இயந்திரங்கள், உண்மையில் நிகழாத ஒரு வரலாறு ஆகிய மூன்றையும் இணைத்த இத்தொடர், பின்னர் திரைப்படங்கள், கிளைக் கதைகள், மங்கா நூல்கள், விளையாட்டுகள் எனப் பெரிதாக விரிந்தது. 2024-ஆம் ஆண்டிலும் இவ்வரிசையில் புதிய கதை வெளியானது.

இத்தனை ஆண்டுகளாக இத்தொடர் ரசிகர்களால் விவாதிக்கப்படுவதற்குக் காரணம், அதன் மையத்தில் உள்ள ஒரு கேள்வி. அநீதியான ஆட்சியை வீழ்த்தப் பொய்யையும் கொலையையும் கருவியாகக் கொள்ளலாமா? கொண்டால், அதற்கான விலையை யார் கொடுப்பது? தொடர் இக்கேள்வியை எவ்வாறு கையாள்கிறது என்பதை இங்கே காண்போம். கதையின் முக்கியத் திருப்பங்களும் முடிவும் இக்கட்டுரையில் இடம்பெறுகின்றன.

உருவாக்கியவர்கள் யார்?

'கண்டம்' உள்ளிட்ட புகழ்பெற்ற இயந்திர மனிதத் தொடர்களைத் தயாரித்த சன்ரைஸ் நிறுவனம் இத்தொடரை உருவாக்கியது. கோரோ தனிகுச்சி இயக்கினார். கதையமைப்பிலும் திரைக்கதையிலும் இச்சிரோ ஓகோச்சி முதன்மைப் பங்காற்றினார். நான்கு பெண்களைக் கொண்ட 'கிளாம்ப்' என்ற புகழ்பெற்ற மங்கா ஓவியர் குழு, கதாபாத்திரங்களின் மூல வடிவங்களை வரைந்தது. மெல்லிய, நீண்ட உடலமைப்பும் கூர்மையான முகங்களும் கொண்ட அந்த மனிதர்களை அனிமேவுக்கு ஏற்ப வடிவமைத்தவர் தகாஹிரோ கிமுரா. நாயகன் லெலூஷுக்கு ஜூன் ஃபுகுயாமா குரல் கொடுத்தார்.

முதல் பருவம் 25 அத்தியாயங்களுடன் 2006 அக்டோபர் முதல் 2007 ஜூலை வரை, நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் ஒளிபரப்பானது. அதற்குக் கிடைத்த வரவேற்பையடுத்து, 'ஆர்2' என்ற இரண்டாம் பருவம் 2008 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்கு ஒளிபரப்பானது. இதுவும் 25 அத்தியாயங்களைக் கொண்டது. 2007-ஆம் ஆண்டு டோக்கியோ அனிமே விருதுகளில் சிறந்த தொலைக்காட்சித் தொடருக்கான விருதை முதல் பருவம் வென்றது.

'மாற்று வரலாறு' எங்கே பிரிகிறது?

உண்மையில் நடந்த வரலாற்றின் ஒரு திருப்பத்தை மாற்றி, அதன் விளைவாக உலகம் எப்படி இருந்திருக்கும் என்று கற்பனை செய்வதே மாற்று வரலாற்றுப் புனைவு. கோட் கியாஸில் இரண்டு பெரிய திருப்பங்கள் மாற்றப்பட்டுள்ளன. ஒன்று, வாஷிங்டன் தலைமையில் அமெரிக்கக் குடியேற்றங்கள் நடத்திய விடுதலைப் போர் தோல்வியில் முடிகிறது. மற்றொன்று, நெப்போலியனின் படைகள் பிரிட்டனைக் கைப்பற்றுகின்றன. தாயகத்தை இழந்த பிரிட்டன் அரச குடும்பம் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து அமெரிக்கக் கண்டத்தில் தஞ்சம் அடைகிறது. அங்கே 'புனித பிரிட்டானியப் பேரரசு' எழுகிறது.

அதாவது, உண்மையில் குடியரசாக மலர்ந்த நிலப்பரப்பு, இக்கதையில் மன்னராட்சியின் கோட்டையாகிறது. பேரரசர் சார்லஸின் ஆட்சிக் கொள்கை வெளிப்படையானது. மனிதர்கள் சமமானவர்கள் அல்லர். வலியவன் வெல்வதே முன்னேற்றம் என்பது அவரது வாதம். உலகின் பிற பகுதிகளில் சீனக் கூட்டமைப்பும் ஐரோப்பிய அரசும் மற்ற இரு வல்லரசுகளாக நிற்கின்றன. கதையின் ஆண்டுக்கணக்கும் நாம் பயன்படுத்துவது அன்று; பிரிட்டானியாவின் அரச மரபை அடிப்படையாகக் கொண்ட தனிக் கணக்கு அது.

அந்தக் கணக்கின்படி 2010-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று பிரிட்டானியா ஜப்பான் மீது படையெடுக்கிறது. காரணம், 'சகுராடைட்' என்ற கற்பனைக் கனிமம். மின்சாரத்தை இழப்பின்றிக் கடத்தும் இக்கனிமம் நவீனப் போர் இயந்திரங்களுக்கு இன்றியமையாதது. உலகின் இருப்பில் பெரும்பகுதி ஜப்பானில், குறிப்பாக ஃபுஜி மலைப் பகுதியில் உள்ளது. எண்ணெய்க்காகவும் பிற வளங்களுக்காகவும் நடந்த உண்மையான போர்களை அறிந்தவர்களுக்கு இந்தக் காரணம் புதிதாகத் தோன்றாது.

எண்ணாக மாறிய மக்கள்

பேரரசு தான் வென்ற ஒவ்வொரு நாட்டுக்கும் வரிசை எண் இடுகிறது. பதினோராவதாகச் சேர்க்கப்பட்டதால் ஜப்பான் 'ஏரியா 11' ஆகிறது. தலைநகர் டோக்கியோ இரண்டாகப் பிளக்கிறது. ஆட்சியாளர்கள் வாழும் உயர்ந்த குடியிருப்பு ஒளி நிறைந்த நவீன நகரம். போரில் சிதைந்த ஷின்ஜுகு, இலெவன்கள் வாழும் சேரி.

அடக்கப்பட்டவர்களுக்கு ஒரு சிறு கதவும் திறந்து வைக்கப்படுகிறது. பதிவு செய்து விசுவாசத்தை உறுதிப்படுத்தினால், ஓர் இலெவன் 'கௌரவ பிரிட்டானியர்' ஆகலாம். வேலை கிடைக்கும், படையில் சேரலாம். ஆனால் சம உரிமை கிடைக்காது. ஆதிக்க ஆட்சி வாளால் மட்டும் நடப்பதில்லை. ஆளப்படுவோரில் ஒரு பகுதியினரைத் தன் பக்கம் இழுத்து, அவர்களைக் கொண்டே மற்றவர்களை ஆள்கிறது என்பதைத் தொடர் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறது.

இரண்டு நண்பர்கள், இரண்டு வழிகள்

நாயகன் லெலூஷ் பிரிட்டானிய இளவரசன். தாய் மரியான் அரண்மனையில் சுட்டுக் கொல்லப்படுகிறார். அதே நிகழ்வில் தங்கை நன்னலி பார்வையையும் நடக்கும் ஆற்றலையும் இழக்கிறாள். தந்தையிடம் நியாயம் கேட்ட சிறுவனுக்குக் கிடைத்தது தண்டனை. பேரரசர் இரு குழந்தைகளையும் அரசியல் பகடைகளாக ஜப்பானுக்கு அனுப்பிவிடுகிறார். பின்னர் அதே ஜப்பான் மீது படையெடுக்கவும் உத்தரவிடுகிறார். பிழைத்துக்கொண்ட லெலூஷ், பெயரை மாற்றிக்கொண்டு ஆஷ்ஃபோர்டு கல்விக்கூடத்தில் மாணவனாக மறைந்து வாழ்கிறான்.

அவனது இளமைக்கால நண்பன் சுசாகு குருருகி, ஜப்பானின் கடைசிப் பிரதமரின் மகன். இறுதிவரை போரிட வேண்டும் என்று நின்ற தந்தையை, பேரழிவைத் தடுப்பதாக எண்ணிச் சிறுவயதிலேயே தன் கையால் கொன்றவன். அந்தக் குற்ற உணர்வு அவனை விடவில்லை. தவறான வழியில் அடையும் எந்த நன்மைக்கும் மதிப்பில்லை என்பது அவன் முடிவு. எனவே கௌரவ பிரிட்டானியராகப் பேரரசின் படையில் சேர்ந்து, உள்ளிருந்தே அமைப்பை மாற்ற முயல்கிறான்.

கதையின் முரண் இங்கே அமைகிறது. பிரிட்டானிய இளவரசன் ஜப்பானின் விடுதலைக்காகப் போராடுகிறான். ஜப்பானியப் பிரதமரின் மகன் பிரிட்டானியாவுக்காகப் போராடுகிறான். போர்க்களத்தில் இருவரும் நேருக்கு நேர் மோதுகின்றனர். முகமூடி அணிந்த கிளர்ச்சித் தலைவன் 'ஜீரோ' தன் நண்பன்தான் என்பது சுசாகுவுக்கு நெடுங்காலம் தெரிவதில்லை.

'கியாஸ்' என்பது என்ன?

சி.சி. என்ற மர்மப் பெண், ஓர் ஒப்பந்தத்தின் பேரில் லெலூஷுக்கு அளிக்கும் ஆற்றலே 'கியாஸ்'. ஒருவரின் கண்ணை நேராகப் பார்த்து அவன் இடும் ஆணையை அவரால் மீற முடியாது. ஒருவருக்கு ஒரே ஒரு முறைதான் ஆணையிட முடியும். ஆணைக்கு உட்பட்டிருந்த நேரத்தில் நடந்தவை அவர் நினைவில் இருப்பதில்லை.

இந்த விதிகள் கதையைச் சதுரங்க ஆட்டமாக மாற்றுகின்றன. லெலூஷ் சதுரங்கத்தில் வல்லவன். உடல் வலிமையில் பின்தங்கியவன். யாருக்கு, எப்போது, எந்தச் சொற்களில் ஆணையிடுவது என்று அவன் ஒவ்வொரு முறையும் கணக்கிட வேண்டியிருக்கிறது. அதைவிட முக்கியமானது, இந்த ஆற்றலின் உட்பொருள். பிறர் விருப்பத்தைப் பறிப்பதே பேரரசின் இயல்பு. அதை எதிர்ப்பவன் கையில் கிடைத்த ஆயுதமும் பிறர் விருப்பத்தைப் பறிப்பதாகவே இருக்கிறது.

ஐந்து மீட்டர் உயர இயந்திரங்கள்

மனிதர் உள்ளே அமர்ந்து இயக்கும் பேருருவ இயந்திரங்களை மையமாகக் கொண்ட அனிமேக்கள் 'மெக்கா' என்று அழைக்கப்படுகின்றன. 1972-இல் வெளியான 'மசிங்கர் இசட்' இவ்வகையைப் பரவலாக்கியது. 1979-இல் வந்த 'மொபைல் சூட் கண்டம்', அதே இயந்திரங்களைப் போர்த் தளவாடங்களாகவும் அவற்றை இயக்குவோரைச் சோர்வும் அச்சமும் கொண்ட படைவீரர்களாகவும் சித்திரித்தது.

கோட் கியாஸில் இவற்றின் பெயர் 'நைட்மேர் ஃப்ரேம்'. கண்டம் இயந்திரம் சுமார் 18 மீட்டர் உயரம் கொண்டது. நைட்மேர்களோ பெரும்பாலும் 4 முதல் 5 மீட்டர் உயரமே கொண்டவை. கால்களில் உள்ள சக்கரங்களால் நகரத் தெருக்களில் சறுக்கிச் செல்லும். கம்பிவடத்துடன் பாயும் கொக்கிகளால் கட்டடங்களில் ஏறும். எனவே சண்டைகள் விண்வெளியைவிடச் சந்துகளிலும் இடிபாடுகளிலும் சுரங்கப் பாதைகளிலுமே அதிகம் நடக்கின்றன. ஆக்கிரமிக்கப்பட்ட ஒரு நகரில் நடக்கும் கெரில்லாப் போருக்கு இந்த அளவு பொருந்துகிறது. கதை முன்னேறும்போது இவை பறக்கத் தொடங்குகின்றன. ஆயுதப் போட்டி வேகமெடுப்பதன் அடையாளமாகவும் அதைக் கொள்ளலாம்.

கதையில் இந்தியா

இந்திய ரசிகர்களின் கவனத்தை ஈர்க்கும் ஒரு பாத்திரமும் தொடரில் உண்டு. கிளர்ச்சியாளர்களின் மிகச் சிறந்த இயந்திரமான செந்நிறக் 'குரென்', இந்திய விஞ்ஞானி ரக்ஷதா சாவ்லாவின் படைப்பு. கையில் நீண்ட புகைக்குழாயுடன் தோன்றும் அவர், சுசாகு இயக்கும் 'லான்சிலாட்' இயந்திரத்தை வடிவமைத்த பிரிட்டானிய விஞ்ஞானி லாய்டின் பழைய சக பணியாளர், இப்போது போட்டியாளர்.

இக்கற்பனை உலகில் இந்தியாவும் சுதந்திர நாடு அன்று. சீனக் கூட்டமைப்பின் கீழ் உள்ள இராணுவ மண்டலம். ஆயினும் ஆதிக்கத்தை எதிர்ப்பவர்களுக்கு அங்கிருந்தே தொழில்நுட்ப உதவி வருவதாகக் கதை அமைக்கப்பட்டுள்ளது குறிப்பிடத்தக்கது.

கிளர்ச்சியின் விலை

ஜீரோ தொடங்கும் 'கருப்பு வீரர்கள்' இயக்கம், ஆயுதமற்றவர்களின் பக்கம் நிற்போம் என்று அறிவிக்கிறது. பிணைக் கைதிகளை மீட்கிறது. போதைப்பொருள் கும்பல்களை ஒடுக்குகிறது. மக்கள் ஆதரவு பெருகுகிறது. அதன் பின்னர் வரும் நரிதா மலைப் போர் கதையின் நிறத்தை மாற்றுகிறது.

அங்கே குரென் இயந்திரத்தின் வெப்ப ஆற்றலை நிலத்தடி நீரில் செலுத்தி, லெலூஷ் பெரும் நிலச்சரிவை உண்டாக்குகிறான். பேரரசின் படை புதைகிறது. சரிவு அடிவாரத்தில் உள்ள ஊரையும் மூடுகிறது. இறந்தவர்களில் ஒருவர், அவனை நேசிக்கும் வகுப்புத் தோழி ஷெர்லியின் தந்தை. போர்க்கூடாரத்தில் வெறும் கணக்காக இருந்த உயிரிழப்பு, பள்ளிக்கூடத்தில் அழுது நிற்கும் ஒரு பெண்ணாக அவன் முன் வந்து நிற்கிறது. அங்கே மார்பு தட்டும் வெற்றி இசைக்கு இடமில்லை.

இதைவிடக் கொடிய திருப்பம் முதல் பருவத்தின் இறுதியில் வருகிறது. லெலூஷின் ஒன்றுவிட்ட தங்கையான இளவரசி யூஃபிமியா, ஜப்பானியர் தங்கள் பெயரோடு வாழக்கூடிய தனி நிர்வாகப் பகுதியை அறிவிக்கிறார். துப்பாக்கி இன்றி ஒரு பெயரைத் திருப்பித் தரும் முயற்சி அது. முதலில் எதிர்த்த லெலூஷும் அவரது நேர்மையைக் கண்டு ஒத்துழைக்க இசைகிறான். அந்த நேரத்தில், தன் ஆற்றல் எத்தகையது என்பதை விளக்க, ஜப்பானியரைக் கொல்லச் சொன்னால்கூட நீ செய்ய நேரிடும் என்று விளையாட்டாகச் சொல்கிறான். அவனது கியாஸ் அப்போதுதான் கட்டுப்பாட்டை இழந்திருந்தது. வாய் தவறி வந்த சொல் ஆணையாகிறது. அமைதியை நம்பி அரங்கில் கூடியிருந்த மக்கள் கொல்லப்படுகின்றனர். அதை நிறுத்த, யூஃபிமியாவைத் தன் கையாலேயே சுட வேண்டிய நிலை லெலூஷுக்கு ஏற்படுகிறது.

யூஃபிமியாவை நேசித்த சுசாகு, நல்வழி என்ற தன் கொள்கையைக் கைவிட்டுப் பழிவாங்கப் புறப்படுகிறான். இரண்டாம் பருவத்தில், உயிர் பிழைக்க வேண்டும் என்ற பழைய கியாஸ் ஆணையின் உந்துதலால், ஒரு பெருநகரையே விழுங்கும் குண்டை அவனே டோக்கியோ மீது செலுத்துகிறான். ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் நினைவில் சுமக்கும் நாட்டில் தயாரான தொடரில், ஒரு ஜப்பானிய இளைஞன் ஜப்பானியத் தலைநகர் மீது அத்தகைய குண்டை வீசும் காட்சிக்குத் தனிக் கனம் உண்டு. கிளர்ச்சி வழி, உள்ளிருந்து மாற்றும் வழி ஆகிய இரண்டுமே அப்பாவிகளின் பிணங்களில் வந்து முடிகின்றன.

ஜப்பானின் சொந்த வரலாறு

தொடரைப் பார்ப்போருக்கு எழக்கூடிய ஒரு நியாயமான கேள்வியும் உண்டு. ஜப்பான் ஆக்கிரமிக்கப்பட்ட நாடாக மட்டுமே காட்டப்படுவது வரலாற்றுக்கு நேர்மையானதா?

உண்மை வரலாற்றில் ஜப்பானும் ஒரு பேரரசாக இருந்தது. 1895 முதல் 1945 வரை தைவானையும், 1910 முதல் 1945 வரை கொரியாவையும் அது ஆண்டது. கொரியர்கள் ஜப்பானிய முறைப்படி பெயர்களை மாற்றிக்கொள்ள நெருக்கடி தரும் கொள்கை 1940-இல் நடைமுறைக்கு வந்தது. பெயரைப் பறிப்பது பேரரசுகளின் கற்பனைக் கொடுமை அன்று. மனிதர்கள் வாழ்ந்து அனுபவித்த ஒன்று. இரண்டாம் உலகப் போரில் தோற்ற பின், 1945 முதல் 1952 வரை அமெரிக்கா தலைமையிலான நேச நாடுகளின் ஆக்கிரமிப்பின் கீழ் ஜப்பானும் இருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வரும் பேரரசு என்ற கதையமைப்பில் அந்த நினைவின் நிழலைக் காண முடிகிறது.

தொடர் கொரியா, தைவான் வரலாற்றை நேரடியாகத் தொடுவதில்லை. இது அதன் குறையே. ஆனால் ஜப்பானியர் அனைவரையும் புனிதர்களாகவும் அது காட்டவில்லை. பொதுமக்களைப் பிணைக் கைதிகளாகப் பிடிக்கும் தீவிரவாதக் குழுக்களும், பேரரசுடன் வணிகம் செய்தபடியே எதிர்ப்பியக்கத்துக்கும் உதவும் செல்வந்தர்களும் கதையில் உள்ளனர். ஜப்பானியத் தாய்க்கும் பிரிட்டானியத் தந்தைக்கும் பிறந்த காலென், பள்ளியில் ஒரு பெயரும் போர்க்களத்தில் மற்றொரு பெயருமாக வாழ்கிறாள். எந்தப் பெயர் தன்னுடையது என்று அவள் தேர்ந்தெடுப்பது தொடரின் வலுவான இழைகளில் ஒன்று.

பள்ளி நகைச்சுவையும் படுகொலையும் அடுத்தடுத்து வருவது, தற்செயல் நிகழ்வுகளைச் சார்ந்து திருப்பங்கள் அமைவது, பெண் பாத்திரங்களைச் சில காட்சிகளில் கவர்ச்சிப் பொருளாக்குவது ஆகியவையும் இத்தொடரின் குறைகள்.

சர்ச்சைக்குரிய முடிவு

இறுதிப் பகுதியில் லெலூஷ் பிரிட்டானியாவின் பேரரசனாகிறான். பிரபுக்களின் சலுகைகளை ஒழிக்கிறான். எண்ணிடும் முறையை நீக்குகிறான். பின்னர் உலகம் முழுவதையும் கைப்பற்றி, வேண்டுமென்றே கொடுங்கோலனாக நடந்துகொள்கிறான். மக்களின் வெறுப்பு முழுவதும் அவன் ஒருவன் மீது குவிகிறது. அதன்பின் வெற்றி ஊர்வலத்தில், ஜீரோவின் முகமூடி அணிந்து வரும் ஒருவன் அவனைக் குத்திக் கொல்கிறான். முகமூடிக்குள் இருப்பவன் சுசாகு. இருவரும் முன்கூட்டியே வகுத்த திட்டம் இது. வெறுப்பின் இலக்கு மறைந்ததும், உலகம் ஆயுதத்தை விட்டுப் பேச்சுவார்த்தை மேசைக்கு வரும் என்பது அவர்களின் கணக்கு.

கொல்பவன் கொல்லப்படவும் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்று தொடக்கத்தில் லெலூஷ் வகுத்துக்கொண்ட நெறி இங்கே நிறைவேறுகிறது. சுசாகுவோ தன் பெயரையும் முகத்தையும் இழந்து, வாழ்நாள் முழுவதும் முகமூடிக்குள் வாழும் தண்டனையை ஏற்கிறான். நாட்டின் பெயர் பறிபோவதில் தொடங்கிய கதை, இரு நண்பர்கள் தங்கள் பெயர்களைத் தாங்களே துறப்பதில் முடிகிறது.

இதைத் தியாகம் என்று போற்றுவோர் உண்டு. உலகை ஏமாற்றிக் கொண்டுவரும் அமைதி நிலைக்குமா, மக்களின் விருப்பத்தை மதிப்பதாகச் சொல்பவன் அவர்களுக்குத் தெரியாமலே அவர்களின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கலாமா என்று கேட்போரும் உண்டு. தொடர் இதற்கு முடிந்த தீர்ப்பு எதையும் வழங்குவதில்லை.

அடுத்தடுத்த கதைகள்

2012 முதல் 2016 வரை ஐந்து பாகங்களாக வெளியான 'அகிட்டோ த எக்ஸைல்டு', அதே காலத்தில் ஐரோப்பாவில் நடக்கும் கதை. அங்கே தஞ்சம் அடைந்த ஜப்பானிய இளைஞர்களை, மக்களாட்சி பேசும் ஐரோப்பிய அரசே உயிரைப் பணயம் வைக்கும் போர்ப் பணிகளுக்கு அனுப்புகிறது. கொடுமை பேரரசுகளுக்கு மட்டுமே உரியதன்று என்பதை இது நினைவூட்டுகிறது.

2017, 2018-ஆம் ஆண்டுகளில் மூலத் தொடர் மூன்று திரைப்படங்களாகத் தொகுக்கப்பட்டது. இவற்றில் சில நிகழ்வுகள் மாற்றப்பட்டன. தொலைக்காட்சித் தொடரில் இறக்கும் ஷெர்லி இவற்றில் உயிரோடு இருக்கிறாள். இந்தத் திரைப்பட வரிசையின் தொடர்ச்சியே 2019 பிப்ரவரியில் வெளியான லெலூஷின் மறுவருகையைச் சொல்லும் படம். 2024-இல் ஜப்பானியத் திரையரங்குகளில் நான்கு பாகங்களாகவும், இணையவழியில் 12 அத்தியாயங்களாகவும் வந்த 'ரோசே ஆஃப் த ரீகாப்சர்', மீண்டும் தலைதூக்கும் பிரிட்டானியப் படை ஹொக்கைடோவைப் பிடித்துவைத்திருக்கும் காலத்தில் நடக்கிறது.

புதிதாகப் பார்ப்போர் முதலில் தொலைக்காட்சித் தொடரின் 50 அத்தியாயங்களையும் வெளியான வரிசையிலேயே பார்ப்பது நல்லது. நரிதா மலையில் நடந்தது ஏன் இறுதிக் காட்சியில் கனக்கிறது என்பது அவ்வாறு பார்த்தால்தான் புலப்படும்.

லெலூஷின் மரணத்துக்குப் பின் உலகம் அமைதி அடைந்ததாகத் தொடர் முடிந்தது. பதினாறு ஆண்டுகளுக்குப் பின் வந்த புதிய கதையிலோ, மீண்டும் ஒரு நிலம் ஆக்கிரமிக்கப்பட்டிருக்கிறது. மீண்டும் சிலர் அடையாளத்தை மறைத்துக்கொண்டு போராடுகின்றனர். ஒருவனின் மரணம் வாங்கித் தந்த அமைதியை, அடுத்து வந்தவர்கள்தாம் காக்க வேண்டியிருக்கிறது.